அழுத்தம் இல்லாமலே வழுக்கும் ஐஸ்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் 2025 ஜூனில் முடிந்த மகளிர் ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கியில் இந்தியா வெண்கலம் வென்ற செய்தியைப் படித்தாராம். பாலைவனத்து வெயிலில் ஐஸ் தரை எப்படி நிற்கிறது என்பது அவருடைய முதல் கேள்வி. ஐஸ் ஏன் வழுக்குகிறது என்பது இரண்டாவது. முதலாவதற்கு விடை எளிது. இரண்டாவதில்தான் இயற்பியலாளர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழுக்கி விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

முதல் கேள்விக்கு அவர் நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகம் வரை போய்வந்தால் போதும். அங்குள்ள ஐஸ் கம்பெனிகளில், குளிரூட்டிய உப்புக்கரைசல் தொட்டிக்குள் தண்ணீர் நிரப்பிய தகர அச்சுகளை இறக்குகிறார்கள். உப்பு கலந்திருப்பதால் கரைசல் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் உறையாது. அச்சிலுள்ள நல்ல தண்ணீர் உறைந்து ஐஸ் பார் ஆகிவிடும். ஹாக்கி அரங்கிலும் இதே வேலைதான். கான்கிரீட் தளத்துக்குள் புதைத்த குழாய்களில் உறையாத கரைசல் ஓடுகிறது. மேலே தண்ணீரை மெல்லிய படலமாகத் தெளித்து, உறையவிட்டு, மறுபடி தெளித்து, சுமார் 3 செ.மீ. கனத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அரங்கின் நீளம் 60 மீட்டர். மின்கட்டணம் கட்ட ஆள் இருந்தால் அல் ஐனிலும் நிற்கும், திருவாரூரிலும் நிற்கும்.

இனி வழுக்கல். பள்ளியில் நமக்குச் சொன்ன விடை எல்லோருக்கும் நினைவிருக்கும்: ஸ்கேட் காலணிக்கு அடியில் இருக்கும் உலோக பிளேடு மெல்லியது, அது ஐஸை அழுத்துகிறது, அழுத்தத்தால் ஐஸ் உருகுகிறது, அந்தத் தண்ணீரில் வீராங்கனை வழுக்கிச் செல்கிறார். சோதித்துப் பார்க்காமல் வழிவழியாகச் சொல்லிவருவதற்கு மூடநம்பிக்கை என்று பெயரென்றால், இது பாடப்புத்தகத்துக்குள் குடியிருக்கும் மூடநம்பிக்கை.

அழுத்தினால் ஐஸின் உருகுநிலை இறங்கும் என்பது உண்மை. ஆனால் 1 டிகிரி இறங்கவே ஏறக்குறைய 130 வளிமண்டல அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்று தரும் அழுத்தத்தைப் போல 130 மடங்கு, தேவை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். பிளேடின் அகலம் 3 மி.மீ., அதில் 10 செ.மீ. நீளம் ஐஸைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் அழுத்தம் சுமார் 20 வளிமண்டலம். உருகுநிலை அரை டிகிரிகூட இறங்காது. விளிம்பு மட்டுமே தொடுகிறது என்று தாராளமாகப் பத்து மடங்கு ஏற்றினாலும் ஒன்றரை டிகிரிதான். ஹாக்கி ஐஸோ மைனஸ் 5, மைனஸ் 6 டிகிரியில் இருக்கிறது.

இத்தனை கணக்குகூட வேண்டாம், ‘பக்’கைப் பாருங்கள். பந்துக்குப் பதிலாக இந்த ஆட்டத்தில் அடிபடும் ரப்பர் வட்டு அது. எடை 170 கிராமுக்கு மேல் போகாது, விட்டம் 7.6 செ.மீ., அடிப்பக்கம் தட்டை. ஐஸ் மேல் அது தரும் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. அதுதான் அரங்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பறக்கிறது!

உராய்வுச் சூடுதான் ஐஸை உருக்குகிறது என்று 1939-இல் பவுடன், ஹியூஸ் என்ற இருவர் அளந்து சொன்னார்கள். வேகமாக ஓடும் பிளேடுக்கு அது பொருந்தும். ஐஸ் மேல் சும்மா நின்றாலே கால் வாருகிறதே, அங்கே உராய்வு ஏது?

விடை மேற்பரப்பில் இருக்கிறது. ஐஸின் உட்புறத்தில் ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறும் அக்கம்பக்கத்து நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கிறது. அசைய வழியில்லை. ஆனால் மேற்பரப்பில் இருப்பவற்றுக்கு மேலே கைகோக்க ஆளில்லை. சிலவற்றுக்கு மூன்று பிணைப்பு, சிலவற்றுக்கு இரண்டே இரண்டு. மூன்று உள்ளவை ஒருவாறு நிலைகொள்கின்றன. இரண்டு உள்ளவைதான் என் செல்லங்கள். ஒரு கையை விட்டு அடுத்ததைப் பிடித்து, அதையும் விட்டு, ஓயாமல் உருண்டுகொண்டே இருக்கின்றன. திண்மம் என்று சொல்ல முடியாது, திரவம் என்றும் சொல்ல முடியாது. சில மூலக்கூறுகள் கனமே உள்ள இந்தப் படலத்தின் மேல்தான் பக்கும் பிளேடும் நம் காலும் போகின்றன.

இப்படி ஒரு படலம் இருக்க வேண்டும் என்று 1850-இலேயே சந்தேகப்பட்டவர் ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே. இரண்டு ஐஸ் துண்டுகளைச் சேர்த்து வைத்தால் ஒட்டிக்கொள்வதை அவர் கவனித்தார். நாகப்பட்டினத்தில் அடுக்கி வைத்த ஐஸ் பார்களைக் கடப்பாரையால் நெம்பிப் பிரிப்பவருக்கு இது புதிய செய்தி அல்ல. உருகிய நீர் மறுபடி உறைவதும் அதற்கு ஒரு காரணம். ஃபாரடே சொன்னது அதற்கும் மேலே: இரண்டு மேற்பரப்புகள் சேர்ந்துவிட்டால் நடுவில் சிக்கிய படலம் உட்புறமாகிவிடுகிறது. இப்போது கைகோக்க மேலேயும் ஆள் உண்டு, உறைந்துவிடுகிறது.

2018-இல் ஆம்ஸ்டர்டாம், மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் எஃகுக் குண்டை ஐஸ் மேல் நகர்த்தி உராய்வை அளந்தார்கள். மைனஸ் 100 டிகிரியில் ஐஸ் வழுக்கவே மறுக்கிறது. வெப்பம் ஏற ஏற உருளும் மூலக்கூறுகள் பெருகி, மைனஸ் 7 டிகிரியில் வழுக்கல் உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு மேலே ஐஸே இளகுவதால் குண்டு அதை உழத் தொடங்குகிறது. வழக்கு அத்தோடு முடியவில்லை. மேலே உரசும் பொருளின் மின் இருமுனைகளே (ஒரு முனையில் நேர்மின், மறுமுனையில் எதிர்மின் கொண்ட மூலக்கூறு அமைப்புகள்) ஐஸின் ஒழுங்கைக் கலைக்கின்றன என்று 2025-இல் ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகம் கணினிப் பாவனையோடு வந்திருக்கிறது.

நம் ஊரில் இப்படியொரு திட்டத்துக்குப் பணம் கேட்டால், குண்டு நகர்த்துவதால் யாருக்கு என்ன லாபம் என்பார்கள். ஆட்டத்துக்கும் அதே கதிதான். இந்திய அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். 2016-இல்தான் முதல் சர்வதேசப் போட்டி. தொடக்க ஆண்டுகளில் பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. டேராடூனில் 2011-இல் கட்டிய ஐஸ் அரங்கம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து 2025-இல்தான் மறுபடி திறந்தது. பூட்டி வைக்கக் காட்டிய அக்கறையில் கால்வாசியைத் திறந்து வைக்கக் காட்டியிருக்கலாம்.

மகளிர் ஆட்டத்தில் உடம்பால் இடித்துத் தள்ளுவதற்குத் தண்டனை உண்டு. ஆகவே எல்லாம் பிளேடு வித்தைதான். பிளேடின் அடிப்புறம் நடுவில் குழிந்து, இரு ஓரமும் கூராக இருக்கும். நேராகப் போகும்போது வழுக்கும்; காலைச் சாய்த்தால் ஒரு விளிம்பு ஐஸைக் கடித்து நிறுத்தும். மேலே மூலக்கூறு உருள வேண்டும், கீழே ஐஸ் கெட்டியாக இருக்க வேண்டும். மைனஸ் 5, 6 டிகிரி இரண்டுக்கும் தோதானது. குதித்து இறங்கும் ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு ஐஸ் இன்னும் கொஞ்சம் இளகியிருந்தால் நல்லது என்று மைனஸ் 3, 4 டிகிரியில் வைக்கிறார்கள். பக்கையும் ஆட்டத்துக்கு முன்பே குளிர்பெட்டியில் உறையவைத்துவிடுவார்கள். சூடான ரப்பர் துள்ளும். குளிர்ந்தது தரையோடு தரையாக ஓடும்.