கடலில் காற்றாலை: எங்கே, எப்போது, யாரைக் கேட்டு?

1991இல் டென்மார்க்கின் விண்டெபி கரைக்கு அருகே 11 காற்றாலைகளை நிறுத்தினார்கள். உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை அதுதான். இன்று கரையே தெரியாத தொலைவுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் ஆளில்லாத கடல் என்று ஒன்று அகப்படுவதில்லை. எங்கே போனாலும் மீனோ பறவையோ வலையோ முன்பே அங்கு இருக்கிறது.

கட்டும்போது பெரிய தொல்லை சத்தம். பல மீட்டர் விட்டமுள்ள எஃகுத் தூணை ராட்சதச் சுத்தியலால் மீண்டும் மீண்டும் அடித்துக் கடற்படுகைக்குள் இறக்குகிறார்கள். நீரில் ஒலி காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில், நெடுந்தொலைவு செல்லும். ஐரோப்பாவின் வட கடலில் வாழும் பார்பாய்ஸ், ஓங்கிலுக்கு (டால்பினுக்கு) உறவான சிறு பாலூட்டி; எதிரொலியைக் கேட்டே இரை தேடும். அதன் காதருகே இப்படி இடித்தால் இரையை விட்டு ஓடுவதைத் தவிர வழியில்லை.

எனவே தூணிலிருந்து 750 மீட்டர் தொலைவில் ஒலி 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது ஜெர்மனி. (நீருக்கடியில் டெசிபல் கணக்கு வேறு, ஒலிபெருக்கியோடு ஒப்பிட வேண்டாம்.) இதற்குக் கைகொடுப்பது குமிழித் திரை. துளையிட்ட குழாயைத் தூணைச் சுற்றிக் கடலடியில் வளையமாகக் கிடத்தி, அழுத்தக் காற்றைச் செலுத்துகிறார்கள். எழும் குமிழிகளில் மோதும் ஒலியில் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது, இன்னொரு பகுதி குமிழிகளை அதிரவைத்தே வலுவிழக்கிறது. இவ்வளவு எளிய கருவி இவ்வளவு நன்றாக வேலை செய்வது எனக்கு இன்னும் வியப்புதான்.

பறவைகளுக்கும் ஓரளவு வழி உண்டு. வலசைக் கூட்டம் வரும் இரவை முன்கூட்டியே கணித்து, நெதர்லாந்து 2023 மே மாதத்தில் சில மணி நேரம் காற்றாலைகளை ஏறத்தாழ நிறுத்தியே வைத்தது. ஆனால் செந்தொண்டை லூன் என்ற கடற்பறவையிடம் இது பலிக்காது. அது காற்றாலையின் இறக்கையில் மோதிச் சாவதைவிட, பண்ணையைக் கண்டாலே பல கிலோமீட்டர் விலகிப் போய்விடுவதுதான் சிக்கல். அதன் குளிர்கால மேய்ச்சல் பரப்பை முதலிலேயே தவிர்ப்பது ஒன்றே வழி.

மீனவர் விஷயத்தில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. பிரிட்டனில் பண்ணைக்குள் வலை வீசலாம். பெல்ஜியத்தில் படகே நுழையக் கூடாது. அனுமதி மட்டும் இருந்தால் போதாது. மின்சாரத்தைக் கொண்டுபோகும் கேபிள் ஆழப் புதையாவிட்டால் இழுவலை சிக்கும், தூண் வரிசை நீரோட்டத்துக்குக் குறுக்கே நின்றால் வலையோடு படகு திரும்ப முடியாது.

இடம் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் படகுகளின் தானியங்கித் தடப்பதிவைப் பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 15 மீட்டருக்கு மேற்பட்ட மீன்பிடிப் படகுகளுக்குத்தான் அந்தக் கருவி கட்டாயம். சிறு படகுகள் தலைமுறையாக வலை வீசும் பரப்பு, அந்த வரைபடத்தில் வெறும் நீலமாகவே தெரியும்.