மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன்

தஞ்சாவூரில் இருந்துகொண்டு நிறுவனங்களின் விற்பனையாளர் கூட்டங்களையும் பயிற்சி வகுப்புகளையும் பங்குதாரர்கள் கூடும் ஆண்டுப் பொதுக்கூட்டங்களையும் நடத்திக்கொடுக்கும் எனக்கு வரும் முதல் கேள்வி பெரும்பாலும் "ஏசி மண்டபம் எது காலியாக இருக்கிறது?" என்பதுதான். யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள், வந்து பேசப் போகிறார்களா, கேட்கப் போகிறார்களா என்ற கேள்விகள் முன்பணம் கட்டிய பிறகே எழுகின்றன.

டெல்டா மாவட்டங்களில் இருநூறு பேருக்கு மேல் அமரக்கூடிய கூடங்களில் பெரும்பாலானவை கல்யாண மண்டபங்களே. வழுவழுப்பான தரை, வெறும் சுவர், உயரமான கூரை ஆகியவற்றில் ஒலி பட்டுப் பட்டுத் திரும்பும். கல்யாணத்தில் எவரும் சொல் சொல்லாகக் கேட்பதில்லை என்பதால் அது குறையாகத் தெரிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உர நிறுவனத்தின் விற்பனையாளர்கள் தொண்ணூறு பேருக்காக அறுநூறு பேர் அமரும் மண்டபத்தை நானே பிடித்துக்கொடுத்தேன். பார்க்க எடுப்பாக இருந்தது. பேசியவர் மைக்கின் ஒலியைக் கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடியது. சாப்பாட்டுப் பந்தியில் ஒரு கடைக்காரர் என்னிடம், "கழிவு பதினைந்து சதவீதமா, பதினெட்டா, என்ன சார் சொன்னார்?" என்று கேட்டபோதுதான் நாள் முழுவதும் வீணானது புரிந்தது. மனித உடலும் உடையும் திரையும் ஒலியை உள்வாங்குபவை. ஆள் குறைந்த பெரிய கூடம் அதனாலேயே இரைகிறது. இப்போதெல்லாம் ஒருவரை மேடையில் நிறுத்தி எண்களை வாசிக்கச் சொல்லி, கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதிப் பார்க்காமல் எந்தக் கூடத்துக்கும் நான் சம்மதம் சொல்வதில்லை. எழுதப் படிக்க மேசை தேவைப்படும் பயிற்சி வகுப்பென்றால், வரிசை நாற்காலிக் கணக்கில் மண்டபத்தார் சொல்லும் எண்ணிக்கையில் பாதியையே நம்பலாம்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வசதியைவிடச் சட்டமே முதலில் வரும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 96ஆவது பிரிவின்படி, அது தேசிய விடுமுறை அல்லாத ஒரு நாளில், காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே, நிறுவனத்தின் பதிவு செய்யப்பட்ட அலுவலகத்திலோ அந்த அலுவலகம் அமைந்துள்ள நகரம் அல்லது கிராமத்துக்குள்ளோ கூட்டப்பட வேண்டும். பதிவு அலுவலகம் கும்பகோணத்தில் இருக்க, திருச்சியில் நல்ல ஓட்டல் இருக்கிறது என்பதற்காக அங்கே போய்விட முடியாது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனமாக இருந்து, உறுப்பினர் அனைவரும் முன்கூட்டியே ஒப்புதல் தந்தால் மட்டுமே வெளியூரில் நடத்தலாம். முழுதாக 21 நாட்களுக்கு முன் அனுப்பும் அறிவிப்பில் இடத்தையும் குறிப்பிட்டாக வேண்டும் என்பதால், 'பெரிய இடத்துக் கல்யாணம் வந்துவிட்டது, தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் வழக்கமுள்ள மண்டபத்தை நான் தவிர்த்துவிடுவேன். வாய்வார்த்தைப் பதிவு இதற்கு ஆகாது.

மார்ச்சில் கணக்கை முடிக்கும் நிறுவனங்கள் செப்டம்பர் 30க்குள் இந்தக் கூட்டத்தை நடத்த வேண்டும். ஆவணியோ முகூர்த்த மாதம். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்ததும் மண்டபங்கள் காலியாகி, வாடகையும் இறங்கிவரும். அந்த மாதத்தில் சைவச் சாப்பாடு மட்டும் போடுவது எல்லோருக்கும் நிம்மதி. விதை, உரம் போன்ற வேளாண் இடுபொருள் நிறுவனங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: சம்பா நடவு நேரத்தில் எந்த உரக்கடைக்காரரும் கடையைப் பூட்டிவிட்டு வரமாட்டார். அப்படியே வந்தாலும், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் மதியச் சாப்பாடு முடிந்ததும் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களே பெரும்பான்மை என்றால் கூட்டத்தைத் தஞ்சாவூரில் வைக்காமல் மன்னார்குடிக்குக் கொண்டுபோவதே முறை. விமானத்தில் திருச்சிக்கு வந்திறங்கும் இரண்டு மேலாளர்கள் கூடுதலாகச் சற்று நேரம் காரில் வரட்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். வண்டி நிறுத்தும் இடம் வயல்மட்டத்துக்கு இருந்தால் சேறுதான். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு இப்பகுதியின் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததைப் பார்த்தவன் என்பதால், ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அது ஏசியையும் இழுக்குமா, விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தானா என்றும் கேட்பேன். பல மண்டபங்களில் பதில் இரண்டாவதுதான். டீசல், மின் மீட்டர் கணக்கு, துப்புரவு ஆகியவை வாடகையில் சேராமல் தனியாக வரும்.

வெளிமாநில நிறுவனங்கள் ஜிஎஸ்டியையும் பார்க்க வேண்டும். கூடத்தை வாடகைக்கு எடுப்பதில் வரியைப் பொறுத்தவரை சேவை நடக்கும் இடம் அந்தக் கட்டடம் இருக்கும் மாநிலமே. அதனால் பில்லில் தமிழ்நாட்டு வரியே விழும். பெங்களூரில் மட்டும் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் நிறுவனம், தான் கட்ட வேண்டிய வரியிலிருந்து அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. வாடகையை ஒப்பிடும்போதே அந்தத் தொகையையும் செலவாகச் சேர்த்துக்கொள்ளும்படி அவர்களின் கணக்குப் பிரிவுக்கு முன்பணம் கட்டுமுன்பே எழுதிவிடுகிறேன்.