ட்ரேஸ் ஃபில்டர்: தட வடிகட்டி

எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்தது, எப்போது நினைவகம் கேட்டது, செயலி (சிபியு) யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதையெல்லாம் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் வரிசையாகப் பதிவு செய்ய முடியும். அந்தப் பதிவுதான் ட்ரேஸ். இழுத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். தமிழில் தடம். சுவடு என்றும் சொல்லலாம். ஆனால் ‘தடம் பார்த்துப் போவது’ ஏற்கெனவே நம் வழக்கில் இருப்பதால் தடமே என் தேர்வு.

ஃபில்டருக்கு மூலம் நடுக்கால லத்தீனின் ஃபில்ட்ரம். கம்பளி மயிரை அழுத்திச் செய்த துணிக்கு அந்தப் பெயர். அதில் நீர்மங்களை வடித்தார்கள். தமிழில் வடிகட்டி என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

சிக்கல் ‘ஃபில்டர்டு’ என்ற எச்சத்தில்தான். விண்டோஸின் பிராசஸ் மானிட்டர் என்ற கருவி இயல்பாக எல்லா நிகழ்வுகளையும் பதிந்துகொண்டு, நாம் கேட்ட செயல்முறைக்கு (இயங்கிக்கொண்டிருக்கும் நிரலுக்கு) உரியவற்றை மட்டும் திரையில் காட்டும். மற்றவை மறைந்திருக்குமே தவிர, அழிவதில்லை. அவற்றைப் பதியவே வேண்டாம் என்றால் ‘டிராப் ஃபில்டர்டு ஈவென்ட்ஸ்’ என்ற தெரிவு உண்டு. இதை ‘வடிகட்டிய நிகழ்வுகளைக் கைவிடு’ என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். வடிகட்டிய நீர் நாம் குடிக்க வைத்துக்கொள்வது. வடிகட்டிய பொய் என்றால் கலப்பே இல்லாத பொய். தமிழில் வடிகட்டியது என்றால் தேறி நிற்பது. ஆகவே இங்கே ‘விலக்கிய நிகழ்வுகள்’ என்றே எழுத வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. தேவையான பதிவை ஒருவர் இழக்க இந்த ஒரு சொல் போதும்.

லினக்ஸில் 2008-இல் சேர்ந்த எஃப்ட்ரேஸ் என்ற தடக் கருவி வேறு வழியில் போகிறது. ‘செட் ஈவென்ட் பிஐடி’ என்ற கோப்பில் செயல்முறையின் எண்ணை எழுதிவிட்டால், மற்றவற்றின் நிகழ்வுகளைக் கெர்னல் பதிவதே இல்லை. வடிகட்டல் மூலத்திலேயே நடந்துவிடுகிறது. பதிவேடு வேண்டாதவற்றால் நிரம்பி வழிவதில்லை. லினக்ஸின் இன்னொரு கருவியான எஸ்ட்ரேஸோ அந்த ஒரு செயல்முறையோடு ஒட்டிக்கொண்டு அதன் கெர்னல் அழைப்புகளை மட்டும் வரி வரியாகக் காட்டும். தொடங்க மறுக்கும் நிரலொன்றில் ‘ஈநோஎன்ட்’ என்று முடியும் வரியைப் பார்த்தால், அது தேடிய கோப்பு அந்த இடத்தில் இல்லை என்று பொருள். நிரல் கேட்ட கோப்புப் பாதையும் அதே வரியில் இருக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு செயல்முறை பிள்ளைச் செயல்முறையைப் பெற்றால், பிள்ளைக்கு வேறு எண். எஸ்ட்ரேஸில் ‘எஃப்’ கொடியும் எஃப்ட்ரேஸில் ‘ஈவென்ட் ஃபோர்க்’ தெரிவும் இல்லாவிட்டால், பிள்ளையின் தடம் பதிவில் வராது.