பெரிய ஃபர்னஸ் போட்டும் அறை ஏன் குளிர்கிறது?

"அண்ணை, எதுக்கும் பெரிசா ஒண்டு போட்டுவிடுங்கோ." ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் ஃபர்னஸ் (வாயுவை எரித்து வீட்டைச் சூடாக்கும் கருவி) மாற்றப் போகும் வீடுகளில் நான் அதிகம் கேட்பது இதைத்தான். ரொறன்ரோக் குளிருக்குப் பயந்து சொல்கிறார்கள், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அறை குளிர்கிறது என்று என்னைக் கூப்பிடும் வீடுகள் பலவற்றில் இருப்பது தேவைக்கு மிஞ்சிய ஃபர்னஸ்.

தெர்மோஸ்டாட் இருப்பது ஹோலில். பெரிய ஃபர்னஸ் சில நிமிடங்களில் ஹோலைச் சூடாக்கிவிட்டு நின்றுவிடும். கராஜுக்கு மேலே உள்ள அறைக்கு அதற்குள் சூடு போய்ச் சேராது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பற்றும், நிற்கும். பழைய டக்டில், அதாவது சூட்டுக் காற்றைக் கொண்டுபோகும் குழாயில், அவ்வளவு காற்றும் போக வழியில்லை என்றால் சூடு ஃபர்னஸுக்குள்ளேயே தேங்கி, பாதுகாப்பு சுவிட்ச் பேர்னரை (தீ எரியும் பகுதி) அணைத்துவிடும். இப்படியே மாறி மாறிச் சூடேறிக் குளிர்ந்தால் தீயின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் நாளடைவில் கீறல் விழலாம். அது ஆபத்து.

சரி, பழைய ஃபர்னஸில் எழுதியிருக்கும் அளவையே வாங்கலாமா? 100,000 பிடியு (சூட்டை அளக்கும் அலகு) என்றிருந்தால் அது மணிக்கு எரிக்கும் வாயுவின் கணக்கு. திறன் 80 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வருவது 80,000தான், மிச்சம் புகைக்குழாயோடு போய்விடும். அதைப் போட்ட பிறகு நீங்கள் ஜன்னலும் மாற்றியிருப்பீர்கள், அட்டிக்கில் இன்சுலேஷனும் கூட்டியிருப்பீர்கள்; ஆகவே தேவையும் குறைந்திருக்கும்.

மைனஸ் 20க்கு இறங்கும் இரவில் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். தெர்மோஸ்டாட்டைக் கூட்டிக் குறைக்காமல் விட்டு, ஒரு மணி நேரத்தில் பேர்னர் எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறியுங்கள். ஃபேன் ஓடும் நேரம் கணக்கில்லை. மேலே சொன்ன ஃபர்னஸ் 35 நிமிடம் எரிந்தால் வீட்டின் தேவை ஏறக்குறைய 47,000 பிடியு. 96 சதவீதத் திறனுள்ள 60,000 ஃபர்னஸ் 57,600 கொடுக்கும். தாராளம்.

இது கைக்கணக்குத்தான். முறையான கணக்கு சிஎஸ்ஏ எஃப்280 என்ற கனடியத் தரநிலைப்படி போடுவது: சுவர், ஜன்னல், காற்றுக் கசிவு எல்லாம் பார்த்து அறை அறையாகப் போடுவது. விலை கேட்கும்போதே அந்தத் தாளையும் கேளுங்கள். சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு அளவு சொல்பவரை நான் நம்பமாட்டேன். வீட்டுக் கதவைத் தட்டி வருபவரிடம் பேச்சே வேண்டாம். ஒன்ராறியோவில் அழைக்காமல் வந்து ஃபர்னஸ் விற்பது 2018 முதல் தடை.

கணக்கு 45,000 என்று வந்து, கிடைப்பது 40,000மும் 60,000மும் என்றால் இரண்டு ஸ்டேஜ் (கூடிய தீ, குறைந்த தீ) உள்ள 60,000ஐ எடுங்கள். சாதாரணக் குளிருக்கு அது குறைந்த தீயில் நெடுநேரம் ஓடும். அப்போதும் கராஜ் மேல் அறை குளிர்ந்தால் அந்த அறையின் டக்டையும் தரைக்குக் கீழுள்ள இன்சுலேஷனையும் பார்க்கச் சொல்லுங்கள்.