சுருங்காமல் காயவைப்பது எப்படி?

மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர் கெபாசிட்டர்களில் பயன்படும், நுண்துளைகள் நிறைந்த லேசான கரிக்கட்டிதான் கார்பன் ஏரோஜெல். அதைத் தயாரிப்பதில் உள்ள சாமர்த்தியமெல்லாம் காயவைப்பதில்தான் இருக்கிறது. மற்ற வேலைகள் ஓரளவு சுலபம். ரிசார்சினால், ஃபார்மால்டிஹைடு என்ற இரண்டு வேதிப்பொருட்களை ஒன்றுக்கு இரண்டு என்ற மூலக்கூறு விகிதத்தில் தண்ணீரில் கலந்து, வினையூக்கியாகத் துளி சோடியம் கார்பனேட் சேர்த்து, மூடிய குப்பியில் 80, 90 டிகிரி சூட்டில் சில நாட்கள் விட்டுவிட வேண்டியதுதான். தெளிந்த கரைசல் மெல்ல ஆரஞ்சாகி, அப்புறம் அடர்சிவப்பு ஜெல்லாக இறுகும். குப்பியைக் கவிழ்த்தாலும் வழியாது. வினையூக்கியைக் கூட்டினால் துகள்களும் துளைகளும் பொடியாகும். குறைத்தால் இரண்டும் பெரிதாகும். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ரிச்சர்ட் பெக்காலா 1989இல் வெளியிட்ட முறை இது.

ஜெல்லுக்குள் இருப்பது நானோ துகள்கள் கோத்த பின்னல், இடைவெளியெல்லாம் தண்ணீர். அப்படியே சூடாக்கி உலர்த்தினால், ஒவ்வொரு துளையிலும் நீரின் மேற்பரப்பு வளைந்து சுவர்களை உள்ளே இழுக்கும். குளித்த தலைமுடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்வதும் இதே விசையால்தான். துளை சிறுக்கச் சிறுக்க இழுப்பு கூடும். 10 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் அது சுமார் 140 வளிமண்டல அழுத்தம். பின்னல் நொறுங்காமல் என்ன செய்யும்?

இதற்கு வழி கண்டவர் அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர். 1931இல் அவர் சிலிக்கா ஜெல்லில் செய்து காட்டிய உத்தி எளிமையானது: மேற்பரப்பு என்று ஒன்று இருந்தால்தானே இழுக்கும்? இன்று முதலில் தண்ணீருக்குப் பதில் அசிட்டோனையும், பிறகு அழுத்தத்தில் திரவமாக்கிய கார்பன் டை ஆக்சைடையும் ஜெல்லுக்குள் நிரப்புகிறார்கள். 31 டிகிரிக்கும் சுமார் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே அதில் திரவம், வாயு என்ற பேதமே இருக்காது. அந்த நிலையில் மெல்ல அழுத்தத்தைத் திறந்துவிட்டால் பின்னல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

பிறகு நைட்ரஜன் ஓடும் உலையில் 800 முதல் 1000 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். ஆக்சிஜன் இல்லாததால் எரியாமல் கரியாகி, மின்சாரம் கடத்தும் கறுப்புக் கட்டி கிடைக்கும்.

சரி, இந்தக் கரி மின்சாரத்தை எப்படிச் சேமிக்கிறது? சூப்பர் கெபாசிட்டரில் கரியின் சுவரை ஒட்டி, மின்பகுளி என்ற அயனிகள் கலந்த திரவத்தின் அயனிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மின்னேற்றத்தைத் தாங்கும் திறனை ஃபாரட்டில் அளப்பார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், 1000 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கிராம் கரி 100 ஃபாரட் தரும். ஆனால் அந்தப் பரப்பு முழுவதும் பயன்படாது. அயனி நுழைய முடியாத துளை இருந்தும் வீண். 2 முதல் 50 நானோமீட்டர் வரையுள்ள துளைகள் அயனிகளுக்கு நெடுஞ்சாலை. அவற்றைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடும்.

சூப்பர் கெபாசிட்டர் கிலோவுக்குச் சில வாட்-மணி ஆற்றலே தாங்கும். லித்தியம் அயனி பேட்டரி 150, 200 தாண்டும். பதிலுக்கு சூப்பர் கெபாசிட்டர் நொடிகளில் நிரம்பும், லட்சக்கணக்கான முறை தாங்கும்.

2013இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகம் கன சென்டிமீட்டருக்கு 0.16 மில்லிகிராம் எடையுள்ள கார்பன் ஏரோஜெல்லைச் செய்தது. பூவிதழ் மேல் வைத்த படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கெபாசிட்டர் செய்பவருக்கு அதனால் பெரிய லாபமில்லை. டப்பாவுக்குள் பெரும்பகுதி வெற்றிடமாகப் போகும். அதனால்தான் பலர் உயரழுத்தக் கலத்தையே தவிர்த்து, அசிட்டோன் நிரப்பிய உறுதியான ஜெல்லைச் சாதாரணமாகவே உலர்த்துகிறார்கள். அசிட்டோனின் இழுப்பு தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குதான். கட்டி கொஞ்சம் சுருங்கும். பெரிய துளைகள் தப்பினால் போதும். சற்று அடர்த்தி கூடுவது இங்கே நஷ்டமில்லை.