பாசி: அல்காவுக்கு நம்மிடம் உள்ள பெயர்

குளத்துப் படியில் கால் வழுக்கிய பிள்ளைக்குப் பாசி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பிள்ளை விஞ்ஞானப் புத்தகத்தை விரித்தால் அங்கே 'அல்கா' என்றிருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்கு வகுப்பறையில் விளங்கவில்லை. வவுனியாவில் நண்பர் ஒருவரின் கடல்நீர்த் தொட்டிக்கு முன்னால் நின்றபோதுதான் விளங்கியது.

'அல்கா' இலத்தீன் சொல், கடற்பூண்டைக் குறித்தது. முல்லைத்தீவுக் கரையில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் சாதாளைக் குவியலை உரோமர் கண்டிருந்தால் அந்தப் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். நமது சொல்லோ நிறத்தில் பிறந்தது. பசுமை என்பது ஈறு கெட்டு முதல் நீண்டு பாசிலை, பாசடை என வருகிறதல்லவா, பாசியும் அந்த வழிதான். பாசிப்பயறும் அந்தக் குடும்பம். பசலையும் அப்படியே. குறுந்தொகை 399ஆம் பாடலில் பரணர் இரண்டையும் சேர்த்தே வைக்கிறார்: ஊரார் நீருண்ணும் துறையில் திரண்ட பாசி போன்றது பசலை, தலைவன் தொடுந்தோறும் நீங்கும், விடுந்தோறும் பரவும்.

நண்பரின் தொட்டியில் நான் கண்டதும் அதுவேதான். பழைய பிளாஸ்டிக் அட்டையால் கண்ணாடியைச் சுரண்டினார். இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை விலகி, உள்ளே முருகைக்கல் தெரிந்தது. நான்காம் நாள் போனேன். அந்த வழி மூடிக் கிடந்தது.

சுரண்டினால் பாசி போகும், அதன் இரை போகாது. மீன் தின்னாமல் விட்ட உணவும் மீனின் கழிவும் அழுகி நைத்திரேற்றாகவும் பொசுபேற்றாகவும் நீரில் தங்குகின்றன. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாகக் கிணற்று நீரை ஊற்றினால், அதில் கரைந்திருப்பதும் சேர்ந்துகொள்ளும். இயற்கையான முருகைக்கற்பாறைக் கடலில் பொசுபேற்று லீற்றருக்கு 0.05 மில்லிகிராமுக்கும் குறைவு. தொட்டியில் அது பல மடங்காக ஏறிவிடுவது வெகு எளிது.

அப்படியானால் பாசிக்கு ஒளி கிடைக்காதபடி தொட்டி விளக்கை அணைத்துவிடலாமே என்று கேட்டேன். முடியாது. முருகை என்ற சிறு கடல்விலங்கின் உடலுக்குள்ளேயே ஒரு பாசி குடியிருக்கிறது. அது ஒளித்தொகுப்பால் ஆக்கும் உணவில்தான் முருகை பெரும்பாலும் வாழ்கிறது. 1881இல் கார்ல் பிரான்ட் அதற்கு சூசாந்தெல்லா என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் விலங்கையும் மஞ்சளையும் குறிக்கும் சொற்களால் ஆன பெயர். தமிழில் 'உறைபாசி' என்றால் போதும் என்பது என் எண்ணம். நீர் சிவப்பொளியை விரைவில் விழுங்கிவிடுவதால், ஆழத்தில் வாழும் உறைபாசி நீல ஒளிக்குப் பழகியது. பச்சைப்பாசியின் பச்சையமோ நீலத்தோடு சிவப்பையும் நன்றாக உறிஞ்சும். அதனால் சிவப்பு மிகுந்த விளக்கை நீண்ட நேரம் எரியவிட்டால் வேண்டாத பாசிக்கே விருந்து வைத்ததாகும். எட்டு முதல் பத்து மணி நேர நீல ஒளி முருகைக்குப் போதும். போசணையையும் அடியோடு துடைக்கக் கூடாது; உறைபாசிக்கும் அதில் பங்குண்டு.

வயலில் தூவிய யூரியா கழுவுண்டு குளத்துக்கு வருகிறது. கோடையில் நீர் வற்றி, வெயில் அடிவரை இறங்குகிறது. வன்னிக் குளங்கள் அப்போது பச்சையாவதும் இதே கணக்கில்தான்.

சுவரில் படரும் மொஸ்ஸையும் மக்கள் பாசி என்பார்கள். குழப்பம் வரக்கூடாதென்றே 'அல்கா'வை வைத்திருக்கிறோம் என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். நீர்ப்பாசி, கடற்பாசி என்று அடைகொடுத்தால் அந்தக் குழப்பம் தீரும். பாடநூல்களில் பாசியே வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நண்பர் தீனியை ஒரு வேளையாக்கி, விளக்கை எட்டு மணி நேரத்துக்குக் குறைத்தார். இரண்டு மாதத்தில் கண்ணாடி தெளிந்தது. கல்லின் மேல் ஊதா நிறத்தில் ஏதோ கெட்டியாகப் படர்ந்திருந்தது. நான் அட்டையை எடுக்க, "அதைச் சுரண்டாதீர்கள் அண்ணை, அது சுண்ணாம்புப் பாசி, கல்லை இறுக்கிப் பிடிக்கும்" என்று கையைத் தடுத்தார்.