குறுக்கே திரும்பிய இன்ஜின்

பிரீமியர் பத்மினியின் பின்சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தரையில் இருந்த அந்த மேடு மறக்காது. பக்கத்துக்கு ஒன்றாகக் காலைப் பரப்பித்தான் உட்கார வேண்டும். மாருதி 800-இல் மேடு பேருக்குத்தான் இருக்கும். காரணம் பானட்டுக்குள் இருக்கிறது.

பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100-இன் இந்திய வடிவம். பம்பாய் குர்லாவில் தயாரானது. 1089 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜின் நீளவாக்கில் இருக்கும். அதன் பின்னால் கியர்பாக்ஸ். அங்கிருந்து ஒரு நீண்ட ஷாஃப்ட் (சுழலும் தண்டு) காருக்கு அடியில் ஓடி, பின் ஆக்சிலில் (பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு) உள்ள பல்சக்கரங்களைச் சுழற்றும். அவை சுழற்சியை 90 டிகிரி திருப்பிப் பின்சக்கரங்களுக்குக் கொடுக்கும். நாம் கால் வைக்கத் தவித்த மேடு, அந்த ஷாஃப்டுக்குப் போட்ட கூரை.

1983 டிசம்பரில் வந்த 800-இல் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்துவிட்டார்கள். இன்ஜின் சுற்றும் திசையும் சக்கரம் சுற்றும் திசையும் ஒன்றாகிவிட்டன. அப்புறம் எதற்கு 90 டிகிரி திருப்பம்? பக்கத்திலேயே இருக்கும் முன்சக்கரங்களுக்கு நேராகச் சக்தி போய்விடும். நீண்ட ஷாஃப்டும் கனமான பின் ஆக்சிலும் தேவைப்படவில்லை. பத்மினியைவிட 800 இருநூறு கிலோவுக்கும் மேல் இலகுவாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் முன்சக்கரத்துக்கு இரட்டை வேலை. அதற்காகத்தான் ஆக்சில் முனையில், சக்கரம் திரும்பியிருந்தாலும் சீராகச் சுற்றும் குண்டு மூட்டு. மேலே கிரீஸ் நிரப்பிய ரப்பர் உறை. உறை கிழிந்து மண் புகுந்தால், வளைவில் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்கும்.

எனக்குப் பிடித்த விஷயம் ரேடியேட்டர் ஃபேன். பத்மினியில் இன்ஜினே பெல்ட் போட்டு ஃபேனைச் சுற்றும். இன்ஜின் மெதுவானால் ஃபேனும் மெதுவாகும், காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில்கூட. குறுக்கே வைத்த இன்ஜினில் பெல்ட் பக்கவாட்டுக்குப் போய்விடுவதால் 800-க்குத் தனி மின்விசிறி. தண்ணீர் சூடானால் தானே ஓடும்.

மலைப்பாதையில்தான் பத்மினிக்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். ஏற்றத்தில் எடை பின்னால் சாயும். ஆள் நிறைந்த 800-ஐ ஈரச் சாலையில் நிறுத்திக் கிளப்பினால், லேசாகிப்போன முன்சக்கரம் பிடி கிடைக்காமல் வழுக்கிச் சுற்றும். பத்மினியிலோ அந்த எடை இழுக்கும் சக்கரத்தின் மேலேயே அழுந்தும். சிரமமில்லாமல் ஏறிவிடும், ரேடியேட்டர் கொதிக்காதவரை.